மண் கிடங்கில் மஞ்சள் விரால்

காலை ஆறு மணி பத்து நிமிடம். வீட்டை விட்டு இறங்கும்போது மேசை மணிக்கூட்டில் சரியாக ஆறு. மண் கிடங்குக்கு என் நடையில் பத்து நிமிடம். ஆகவே நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அல்லி இலைகளுக்கு நடுவே கறுத்துக் கிடந்த தண்ணீரில் முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் கோடு. யாரோ பூசுமஞ்சள் துண்டொன்றை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் துண்டு மெல்லத் திரும்பியது. அதற்குக் கண் இருந்தது.

அது விரால். விரால் என்பதில் பிழையில்லை: பாம்புத் தலை, உருண்ட உடம்பு, முதுகு முழுக்க ஓடும் செட்டை. ஆனால் நான் அதுவரை பிடித்த விரால்கள் எல்லாம் சேற்றுக் கறுப்பு. இது பழுத்த பனம்பழத்தைப் பிய்த்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். கண் மட்டும் கறுப்பு. வாலடியில் கறுத்த புள்ளிகள் மூன்று.

மண் கிடங்கு என்று நாங்கள் சொன்னது, வாய்க்கால் கட்டுவதற்காக மண் வெட்டி எடுத்த பள்ளத்தை. கிளிநொச்சியில் எங்கள் குடியேற்றத் திட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் ஓரமாக அப்படி ஏழெட்டுப் பள்ளங்கள் இருந்தன. மாரியில் வாய்க்கால் மேவிப் பாயும்போது குளத்து மீன்கள் அவற்றுக்குள் இறங்கும். வெள்ளம் வடிந்ததும் திரும்பப் போக வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடும். ஐம்பதுகளின் கடைசி அது. மார்கழி முதல் கிழமை, வியாழக்கிழமை. எனக்குப் பத்து வயது.

எனக்குத் தூண்டில் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கொப்பியில் இருக்கிறது. பிடித்த மீனின் அளவைச் சொன்னால் அண்ணா புளுகு என்பான் என்பதற்காக, கணக்குப் பாடத்துக்கு வாங்கிய கொப்பியொன்றின் பின்பக்கத்திலிருந்து நான் எழுதத் தொடங்கியிருந்தேன். கிழமை, நேரம், இடம், இரை, மீன், நீளம் எத்தனை சாண் எத்தனை விரல். பிடிபடாதவற்றையும் எழுதினேன். பிரம்புத் தடி, தங்கூசி நூல், மிதப்புக்கு மயிலிறகின் தண்டு. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஆம்பிளைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் தூண்டில் போட்டார்கள். அவர்களில் ஒருவரும் கொப்பி வைத்திருக்கவில்லை என்பதால் யார் திறம் என்ற கேள்விக்கு என்னிடம் மட்டுமே ஆதாரம் இருந்தது.

அன்று கொப்பியில் எழுதியதில் இன்னொரு விடயமும் உண்டு. மஞ்சள் விராலுக்கு ஒரு முழம் முன்னால், நீர்மட்டத்தில், சிவப்பாக ஒரு கூட்டம் மிதந்தது. ஒவ்வொன்றும் பாதித் தீக்குச்சி நீளம். இருநூறுக்குக் குறையாது. கூட்டம் அசைந்தால் மழைத்துளி விழுந்தது போலத் தண்ணீர் பொரிந்தது. அது போன பக்கமெல்லாம் விராலும் பின்னால் போனது. கூட்டம் நின்றால் அதுவும் கீழே போய் நின்றது. நான் எழுதினேன்: ‘சின்னச் சிவப்பு மீன், வேறு இனம். மஞ்சள் விரால் அவற்றைத் தின்னத் துரத்துகிறது.’

இதைத் திருத்த எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தின் கரையோர ஊர்களிலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். மீன் என்றால் எங்களுக்குக் கடல். ஓராவுக்கும் ஒட்டிக்கும் ருசி வித்தியாசம் சொல்லத் தெரிந்த அம்மா, குளத்து மீன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தா: சேத்து மீன். நான் கொண்டுவந்து போடுவதை உப்பும் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவி, மிளகை அள்ளிப் போட்டுக் காய்ச்சிவிட்டு, தான் பருப்போடு சாப்பிட்டு எழும்பிவிடுவா. விராலைப் பற்றித் தெரிந்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பழைய ஊரில் இருந்தார்கள். அவர்களோடு எங்களுக்குத் தயிர் வாங்கும் அளவுக்குத்தான் பழக்கம்.

இனி, அந்த மீன் எனக்கு ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. நான் அதை முடித்துவிட்டேன். தைமாதம் என்னை யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுப் படிப்பிக்க வேண்டும் என்றா அம்மா. ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் அப்பா. பெரியம்மா வீட்டை நான் அறிவேன். நான்கு பக்கமும் மதில். தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் இருக்கும் வட்டம். பின்னேரம் ஐந்து மணிக்கு வாசல் படலையைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு இங்கேதான் நிற்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு திட்டம் இருந்தது.

அப்பா இரண்டு பேரின் சொல்லைத்தான் தட்டமாட்டார். ஒன்று பஞ்சாங்கம். மற்றது கொலனி ஒபிசர், அதாவது எங்கள் குடியேற்றத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அந்த ஒபிசருக்கு மீன்பிடி என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் வந்து, சில்லுப் பூட்டிய சீமைத் தூண்டிலைக் குளக்கட்டில் நின்று வீசுவார். பெரும்பாலும் ஒன்றும் படாது. பட்டால் அதன் அளவைக் கட்டில் நின்றவர்கள் கூட்டிச் சொல்வார்கள். அவர் வாழ்க்கையில் காணாத மீனொன்றை நான் உயிரோடு கொடுத்து, பிள்ளை இங்கேயே நிற்கட்டும் என்று அப்பாவிடம் ஒரு சொல் சொல்லச் சொன்னால் காரியம் முடிந்தது. இதில் பிழை போகக்கூடிய இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் குசினியில் வைத்துச் சொன்னேன்.

“மஞ்சள் விராலோ?” என்றான் அண்ணா. “எடி, ஆரோ குளிக்கேக்கை விட்ட மஞ்சள் துண்டைக் கண்டிருப்பாய்.”

“துண்டுக்குக் கண் இருக்குமோ?”

“முதல்லை உனக்கு இருக்கோ எண்டு பாப்பம்.”

“மஞ்சளெண்டாலும் சேத்து மீன்தானே,” என்றார் அப்பா. அவர் இருபக்கமும் சாயாமல் பேசுவதில் கெட்டிக்காரர்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றா அம்மா, சோற்றைப் போட்டபடி. “தூண்டிலைத் தொட்டியோ, அந்தத் தடியை முறிச்சு அடுப்புக்கை வைச்சிடுவன்.”

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் தூண்டிலைத் தொடவில்லை. போய்ப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை என்பதால் ஐந்து தரம் போய்ப் பார்த்தேன். மீன் அதே இடத்தில், சிவப்புக் கூட்டத்துக்குக் கீழேயே நின்றது. ஒரு தண்ணீர்ப்பாம்பு அந்தப் பக்கம் வந்தபோது மஞ்சள் மின்னல் போலப் பாய்ந்து அதை விரட்டியது. தன் சாப்பாட்டில் பங்கு கொடுக்க விருப்பமில்லை என்று எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆறு பத்துக்குத் தூண்டிலோடு நின்றேன். விராலுக்குத் தவளை வேண்டும். முதல் நாளே இரண்டு பிடித்துச் சிரட்டைக்குள் மூடி வைத்திருந்தேன். முள்ளில் கொளுவி, சிவப்புக் கூட்டத்துக்கு மேலே மெல்ல இறக்கினேன். மஞ்சள் உடனே வந்தது. ஆனால் விழுங்கவில்லை. மூடிய வாயால் முட்டித் தவளையை ஒரு முழம் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடி இறக்கினேன், மறுபடி தள்ளியது. மூன்றாந்தரமும் அப்படியே. பசிக்கிற மீன் ஏன் கிடைத்ததைத் தள்ளுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததையும் எண்ணி வைத்துக்கொண்டேன். நாலாந்தரம் தவளையைக் கூட்டத்துக்கு நடுவிலேயே விழ விட்டேன். சிவப்பு நாலாபக்கமும் சிதறியது. தண்ணீர் வெடித்தது. மயிலிறகு மிதப்பு காணாமல் போயிற்று.

பிரம்பு வில்லாக வளைந்தது. நான் இழுக்கவில்லை. விராலை இழுத்தால் அல்லிக் கொடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். தடியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கட்டை நோக்கித் திரும்பி நடந்தேன். பத்தொன்பதாவது அடியில் அது கரையில் கிடந்தது. ஈரச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அது துள்ளவில்லை. என் கைக்குள் ஒருமுறை பெரிதாக மூச்சு வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டில் அதை விடுவதற்கு அளவான பாத்திரம் பொங்கல் கிடாரம் ஒன்றுதான். அம்மா குசினியிலிருந்து வந்து பார்ப்பதற்குள் மீன் அதற்குள் நீந்திக்கொண்டிருந்தது.

“ஐயோ, பொங்கல் கிடாரமடி!” என்றா. பிறகு குனிந்து பார்த்தா. கொஞ்ச நேரம் கழித்துத் தானே போய் இன்னும் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தா.

பத்து மணிக்குள் ஒழுங்கை முழுவதும் எங்கள் முற்றத்தில். ஒருவர் அம்மனின் மீன் என்றார். ஒருவர் சீமையிலிருந்து வந்த இனம் என்றார். ஒருவர் சமைத்தால் மஞ்சள்தூள் போடத் தேவையில்லை என்றார். அண்ணா எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றான். கேட்பவர்களுக்கு அவன்தான் பிடித்தான் என்று தோன்றும்படியாக. நான் நூலால் நீளம் பார்த்தேன்: இரண்டு சாண் நான்கு விரல். இது ஒபிசருக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

அப்போதுதான் பழைய ஊர்த் தயிர்க்கார அம்மா வந்தா. தலையிலிருந்த சட்டியை இறக்காமலே கிடாரத்துக்குள் பார்த்தா.

“எங்கை பிடிச்சனீ பிள்ளை?”

“மண் கிடங்கிலை.”

“பக்கத்திலை சிவத்தச் சின்ன மீன் நிண்டதோ?”

“ஓம். அதுகளைத் தின்னத்தானே இது துரத்தித் திரிஞ்சது. இனி அதுகளுக்குப் பயமில்லை.”

அவ என்னைப் பார்த்தா. பிறகு அம்மாவைப் பார்த்தா.

“எடுத்த இடத்திலை கொண்டுபோய் விடு பிள்ளை. இப்பவே.”

“ஏன் விடவேணும்?” என்றா அம்மா. “இது ஒபிசருக்கெண்டு பிள்ளை பிடிச்சது.”

“நீங்கள் கடல்மீன் ஆக்கள்,” என்றா தயிர்க்கார அம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஊர் பெயரைச் சொல்வது போலச் சொன்னா. அதற்கு மேல் சொல்லும்படி அவவை யாரும் கேட்கவில்லை. அம்மா தயிரை வாங்கிக்கொண்டா. அவ படலையைத் தாண்டியதும், “தங்கடை ஆக்களுக்குக் கிடைக்கேல்லை எண்ட எரிச்சல்,” என்றா அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒபிசர் குளக்கட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. சப்பாத்தோடு முற்றத்தில் குந்தி, கிடாரத்தின் விளிம்பைப் பிடித்தபடி, வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை. அவருடைய தூண்டில் ஜீப்பிலேயே கிடந்தது.

“ஆர் பிடிச்சது?” என்று அப்பாவிடம் கேட்டார். “உம்முடைய மகனோ?”

அண்ணா திடீரென்று எங்கள் மாட்டின் கொம்பை ஆராயத் தொடங்கினான்.

“இல்லை ஐயா. இவள்.”

“என்ன இரைக்குப் பட்டது பிள்ளை?”

நான் கொப்பியை நீட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, ஆனிமாதத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பி முழுவதையும் படித்தார். அதுவரை என் எழுத்தை வாத்தியாரைத் தவிர யாரும் படித்ததில்லை. வாத்தியாரும் இப்படிப் படித்ததில்லை.

“மூண்டுதரம் மூக்காலை தள்ளினது, நாலாந்தரம் விழுங்கினது,” என்று வாசித்தார். “இதையெல்லாம் எண்ணிக்கொண்டோ நிண்டனீ?”

“எண்ணாட்டில் எப்பிடித் தெரியும்?”

அவர் சிரித்தார். இதுதான் தருணம் என்று கண்டேன். “மீனை நீங்கள் எடுங்கோ. நான் இங்கையே நிக்கவேணும் எண்டு அப்பாவுக்குச் சொல்லுங்கோ,” என்றேன்.

“இங்கை நிண்டு?”

“மீன் பிடிப்பன். எழுதுவன்.”

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒபிசர் மட்டும் சிரிக்கவில்லை. கொப்பியை மூடி அப்பாவிடம் கொடுத்தார்.

“இவளை இங்கை வைச்சிருக்கிறது பாவம். வாற வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலை அனுமதிச் சோதனை ஒண்டு இருக்கு. விடுதியோடை பள்ளிக்கூடம். நான் கடிதம் தாறன். புதன்கிழமை ஜீப் போகுது, நீரும் பிள்ளையும் வாரும். மீனையும் அதிலையே கொண்டுபோவம்.”

“ஐயா சொன்னால் சரி,” என்றார் அப்பா. அதுவரை எந்தப் பக்கமும் சாயாதிருந்தவர், மூன்றே சொல்லில் முடிவுக்கு வந்துவிட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனா. என் திட்டம் நான் கணக்குப் போட்டபடியே ஒவ்வொரு படியாக நடந்திருந்தது: மீன் பட்டது, ஒபிசர் வந்தார், சொன்னார், அப்பா கேட்டார்.

திங்களும் செவ்வாயும் கிடாரத்துக்குள் தவளை போட்டுப் பார்த்தேன். மீன் திரும்பியும் பார்க்கவில்லை. ‘தவளை வைத்தேன். தின்னவில்லை’ என்று இரண்டு நாளும் எழுதியிருக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்து, பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியராக இருந்தபோது, நன்னீர் மீன்களைப் பற்றிய கட்டுரையொன்றைச் சுருக்கித் தரும் வேலை என் மேசைக்கு வந்தது. தோலில் கறுப்பு நிறமி உண்டாகாமல் போனால் விரால் எப்போதாவது மஞ்சளாகப் பிறக்கும் என்று முதற்பந்தியில் இருந்தது. கண் கறுப்பாக இருந்தால் அது வெளிறிய மீன் அல்ல, மஞ்சளே அதன் நிறம் என்றும் இருந்தது. சந்தோஷத்தோடு படித்தேன், என் கொப்பி சரி. அடுத்த பந்தி, விரால் குஞ்சு காக்கும் விதம் பற்றியது. முட்டை பொரித்த முதற் கிழமைகளில் விரால் குஞ்சுகள் எல்லாம் சிவப்பாக இருக்கும்; திரளாக நீர்மட்டத்தில் மிதக்கும்; தாயோ தந்தையோ கீழே நின்று காவல் காக்கும். குஞ்சுகளை நெருங்கும் எதையும் அது முட்டித் தள்ளும். போகாவிட்டால் பாய்ந்து கவ்வும். பசி அதற்குக் காரணமல்ல. காவல் போனால் கொக்கும் மற்ற மீன்களும் ஓரிரு நாளில் திரளை முடித்துவிடும். அந்தப் பந்தியில் நான் ஒரு சொல்லும் வெட்டவில்லை. பக்கத்தில் இடம் போதவில்லை என்று அச்சுக்கூடத்தில் முழுப் பந்தியையும் எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை ஜீப் ஏழு மணிக்கு வந்தது. அப்பா முன்னால் ஒபிசரோடு ஏறினார். பின்னால் நானும் என் தகரப் பெட்டியும். கால்களுக்கு நடுவே மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரோடு மஞ்சள் விரால். தகரத்தின் வாய் சாக்கால் கட்டியிருந்தது. தண்ணீர் தளம்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி சொன்னார்கள். ஆனையிறவு தாண்டும் வரைக்கும் பிடித்துக்கொண்டேன். அண்ணா ஒழுங்கை முடியும் வரை ஜீப்பின் பின்னால் ஓடி வந்தான். தூண்டிலை வைத்திருக்கலாம், ஆனால் மிதப்பை மாற்றக் கூடாது என்று அவனுக்குக் கத்திச் சொன்னேன்.

ஜீப் வருமுன் ஒருமுறை மண் கிடங்குக்குப் போய்வந்திருந்தேன். அன்றைய குறிப்பு பென்சிலால் எழுதியது, இன்னும் வாசிக்கலாம்.

‘புதன். காலை 6.10. மண் கிடங்கு. சிவப்பு மீன் ஒன்றும் இல்லை. பயமில்லாததால் எல்லாம் வெளியே போய்விட்டன. கொக்கு நான்கு.’